2-ஐயும் 3-ஐயும் மாத்திப் போட்டா?

போன மாசம் ஒரு கோர் கம்பெனி இன்டர்வியூ. நம்ம இ.சி.இ. பசங்களுக்கு ஹார்டுவேர் கம்பெனி வர்றதே அபூர்வம், மத்ததெல்லாம் கோடிங்தான். அதனால ராத்திரி முழுக்க படிச்சிட்டுப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அமைதியான மனுஷன். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபையர் வரைங்க, கெயின் மைனஸ் பத்து" என்றார்.

உள்ளுக்குள்ள சிரிப்பு வந்தது. லீனியர் ஐ.சி. பேப்பர்ல ஏ பிளஸ் வாங்கினவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது? முக்கோணம் போட்டேன். பிளஸ் இன்புட்டை கிரவுண்டுக்கு இழுத்தேன். மைனஸ் இன்புட்டுக்கு 1 கிலோ ஓம் வழியா சிக்னல், அவுட்புட்டில இருந்து அதே மைனஸுக்கு 10 கிலோ ஓம். ரெண்டு தங்க விதி: இன்புட்டுக்குள்ள கரன்ட் போகாது, ரெண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜ்ல இருக்கும். பிளஸ் பூஜ்யம், அதனால மைனஸும் பூஜ்யம். 1 கிலோ ஓம் வழியா வர்ற கரன்ட் அப்படியே 10 கிலோ ஓம் வழியா போகணும். மைனஸ் பத்து. நாலு வரி, அரை நிமிஷம்.

அவர் என் பேனாவை வாங்கி, நான் வரைஞ்ச முக்கோணத்துக்குள்ள இருந்த பிளஸ்ஸை மைனஸ் ஆக்கினார், மைனஸை பிளஸ் ஆக்கினார். வேற எதையும் தொடலை. "இப்ப கெயின் எவ்வளவு?"

மறுபடி அதே தங்க விதி. மைனஸ் பூஜ்யம், அதனால பிளஸும் பூஜ்யம். கரன்ட் அதே கரன்ட். அதே நாலு வரி. மைனஸ் பத்துதான் சார் என்றேன்.

"அப்படியா? அப்போ ரெண்டு காலுக்கும் தனித்தனியா பேர் எதுக்கு வெச்சாங்க?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவர் கோபப்படவும் இல்லை, விளக்கவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போயிட்டார். நான் போகலை, அங்கேயே நின்னுட்டேன். சாயங்காலம் வந்த லிஸ்ட்ல என் பேர் இல்லை.

எங்க ரூம் சேலையூர்ல. நாலு பேர். அதுல ஒருத்தன் பாலிடெக்னிக் முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரில ரெண்டாம் வருஷம் சேர்ந்தவன். கிளாஸ்ல அவனுக்கு ‘டிப்ளமோ’ன்னுதான் பேர். முதல்ல யாரு வெச்சதுன்னு ஞாபகம் இல்லை, ஆனா நானும் கூப்பிட்டவன்தான். அவன் அந்த இன்டர்வியூவுக்கு வரலை. வர முடியாது. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருக்கிறவங்க உட்காரக் கூடாதுன்னு நோட்டீஸ். அவனுக்கு ஒரே ஒரு அரியர், அதையும் அடுத்த செமஸ்டரே கிளியர் பண்ணிட்டான். எந்தப் பேப்பர்னு கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். லீனியர் ஐ.சி.தான்.

ரூமுக்கு வந்து அவன்கிட்ட கதையைச் சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லலை. கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இழுத்தான். உள்ள பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், ரெண்டு 741. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. ஒண்ணு ஒரு டீ விலைதான். "போட்டுப் பாத்துடலாம் மச்சான், எதுக்கு யோசிக்கிற?"

நான்தான் வயர் குத்தினேன். குத்தி முடிச்சதும் அவன் கேட்டான்: "4, 7 எங்கடா?"

வெட்கமா இருந்தது. சப்ளையே கொடுக்கலை! லேப்ல கொடுத்திருக்கேன், ஆனா அது மேனுவல் பார்த்து. தலைக்குள்ள இருக்கிற ஆப்-ஆம்ப் படத்துல அந்த ரெண்டு கோடு கிடையாது. புத்தகத்துல முதல் ரெண்டு பக்கம் மட்டும் பிளஸ் 15, மைனஸ் 15 போடுவாங்க, அப்புறம் படம் சுத்தமா இருக்கணும்னு விட்டுடுவாங்க. நூறு தடவை அந்த மொட்டை முக்கோணத்தைப் பார்த்துப் பார்த்து, அவுட்புட்டுக்கு கரன்ட் எங்க இருந்து வருதுங்கிற கேள்வியே எனக்கு மறந்து போச்சு.

ரெண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையா சேர்த்தான். ஒரு முனை 7-வது காலுக்கு, இன்னொரு முனை 4-க்கு. ரெண்டும் சேர்ற நடு இடம்தான் கிரவுண்டு. அப்போ இன்னொண்ணும் சொன்னான். "741-ல எட்டு கால் இருக்கு. இதுல கிரவுண்டு எதுன்னு காட்டு." எண்ணிப் பார்த்தேன். 1-ம் 5-ம் ஆஃப்செட் சரி பண்ண, 2 மைனஸ் இன்புட், 3 பிளஸ் இன்புட், 4 நெகட்டிவ் சப்ளை, 6 அவுட்புட், 7 பாசிட்டிவ் சப்ளை, 8-க்கு வேலையே இல்லை. கிரவுண்டுன்னு ஒரு காலே கிடையாது! எது பூஜ்யம்னு அந்த ஐ.சி.க்குத் தெரியாது. நாமதான் முடிவு பண்றோம். நாலு வருஷத்துல இதை நான் கவனிச்சதில்லை.

முதல்ல சரியான சர்க்யூட். ஒரு பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி இன்புட்டை 0.5 வோல்ட்ல வெச்சோம், மல்டிமீட்டர்ல அவுட்புட் மைனஸ் 5 பக்கம் வந்தது. சந்தோஷம். அப்புறம் 2-வது காலுக்கு வந்த வயரை 3-லயும், 3-ல இருந்ததை 2-லயும் மாத்தினோம். அவுட்புட் 8.2 வோல்ட். இன்புட்டைப் பாதியாக்கினோம், 8.2. பூஜ்யம் ஆக்கினோம், 8.2. மைனஸ் பக்கம் திருகினோம். மைனஸ் 0.5 வரைக்கும் அசையலை. மைனஸ் 0.8 தாண்டினதும் ஒரே தாவல், மைனஸ் 7.4. திரும்பிப் பாசிட்டிவ் பக்கம் வந்தா பூஜ்யத்துல மாறலை, பிளஸ் 0.7 தாண்டினப்புறம்தான் திரும்பத் தாவினது.

என் நாலு வரிக் கணக்கு சொன்ன மைனஸ் பத்து அங்க எங்கயுமே இல்லை.

"ஏன்டா இப்படி?" என்றேன். அவனுக்கு அதைச் சரியா வார்த்தையில சொல்ல வரலை. "மாத்திப் போட்டா ஒட்டிக்கும் மச்சான், சர்வீஸ்ல நிறைய பாத்திருக்கேன்" என்றான். எனக்கு வார்த்தை நிறைய இருந்தது, எல்லாம் இங்கிலீஷ்ல, ஒண்ணும் உதவலை. விர்ச்சுவல் ஷார்ட், இன்ஃபினிட் கெயின், நெகட்டிவ் ஃபீட்பேக். பரீட்சையில எழுதின வார்த்தைகள். அதுல எதையாவது எடுத்து அவனுக்குத் தமிழ்ல விளக்கலாம்னு பார்த்தா, ரெண்டாவது வாக்கியத்துலயே நின்னுடுறேன். எனக்கே புரிஞ்சிருந்தாதானே?

மறுநாள் சமையல் முறை எங்க ரெண்டு பேருக்கு. ஸ்டேஷனைத் தாண்டி மேற்குப் பக்கம் மார்க்கெட்டுக்குப் போனோம். கத்திரிக்காய் விக்கிற அம்மா ஒருத்தங்க இன்னும் கைத்தராசுதான் வெச்சிருக்காங்க. ஒரு தட்டுல அரைக்கிலோ படி, இன்னொண்ணுல கத்திரிக்காய். கண்ணு முள்ளு மேலயே இருக்கு. முள்ளு படி பக்கம் சாஞ்சா ஒரு காய் போடறாங்க, காய் பக்கம் சாஞ்சா ஒண்ணு எடுக்கறாங்க. முள்ளு நடுவுல நின்னதும் பையில கொட்டினாங்க.

டிப்ளமோ என் முதுகில தட்டினான். "டேய், அதுதான்டா."

ஒரு நிமிஷம் ஆச்சு எனக்கு. ரெண்டு தட்டும் ரெண்டு இன்புட். படி இருக்கிற தட்டு பிளஸ், காய் இருக்கிற தட்டு மைனஸ். முள்ளுதான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த அம்மாவோட கை அவுட்புட். கை செய்யறது மறுபடி தட்டுக்கே வருதில்லையா, அது ஃபீட்பேக். ரெண்டு தட்டும் சமமா நிக்குதுன்னா அது தராசோட குணமா? அவங்க விடாம போட்டு எடுத்து சமமாக்கறாங்க, அதனால சமம். கையை எடுத்துட்டா அடுத்த நொடியே தட்டு சாயும். நான் ‘ரெண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜ்’ங்கிறதை ஆப்-ஆம்ப் பிறக்கும்போதே கொண்டு வந்த குணம்னு நினைச்சிட்டு இருந்தேன்.

இப்போ அந்த அம்மா தலைகீழா பண்றாங்கன்னு வெச்சுக்கோங்க. காய்த்தட்டு கனமானா இன்னும் ஒண்ணு போடறாங்க. இன்னும் கனமாகுது. இன்னும் ஒண்ணு. கூடை காலியாகிற வரைக்கும் நிக்காது. அந்தக் காலிக் கூடைதான் 8.2 வோல்ட். 9 வோல்ட் பேட்டரில அதுக்கு மேல கொடுக்க 741-கிட்ட சரக்கு இல்லை.

அப்போ என் கணக்கு தப்பா? கணக்கு தப்பில்லை, அதுதான் இதுல வேடிக்கை. மாத்திப் போட்ட சர்க்யூட்லயும் தட்டு சமமா நிக்கிற ஒரு புள்ளி இருக்கு, சமன்பாடு அதைத்தான் கொடுக்குது. ஆனா பென்சிலை முனையில நிக்க வைக்கிற மாதிரி. நிக்கலாம், ஆனா ஒரு மூச்சுக் காத்து பட்டா போச்சு. எந்த சர்க்யூட்லயும் கொஞ்சம் நாய்ஸ் இருக்கும், அந்த மூச்சுக் காத்து போதும். சமமா நின்னா எவ்வளவுன்னு மட்டும்தான் சமன்பாடு சொல்லும். நிக்குமா நிக்காதான்னு அதுகிட்ட நாம கேட்கவே இல்லையே.

ரூமுக்கு வந்ததும் இன்னொரு அதிர்ச்சி. அந்த 0.8, 0.7 எங்க இருந்து வந்ததுன்னு கணக்குப் போட்டோம். அவுட்புட் 8.2-ல ஒட்டியிருக்கும்போது பிளஸ் காலைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும்னா, இன்புட் அதுல பத்துல ஒரு பங்கு எதிர்ப்பக்கம் போகணும். மைனஸ் 0.82. அந்தப் பக்கம் மைனஸ் 7.4, அதனால பிளஸ் 0.74. மீட்டர் காட்டினதும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு எல்லைக்கும் நடுவுல இருக்கிற வரைக்கும் கடைசியா எந்தப் பக்கம் இருந்ததோ அங்கேயே நிக்கும். இதை நான் எங்கேயோ படிச்சிருக்கேனே! ஷ்மிட் ட்ரிக்கர். தனித் தலைப்பு, தனிப் படம், தனி ஃபார்முலா. 13 மார்க் கேள்விக்கு முழுசா எழுதியிருக்கேன். அது இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபையரோட ரெண்டு காலை மாத்தினா வர்ற சர்க்யூட்தான்னு ஒரு நாளும் தோணலை. ஒண்ணு ஒரு யூனிட்ல இருந்தது, இன்னொண்ணு வேற யூனிட்ல இருந்தது.

அடுத்த ரெண்டு வாரம் பைத்தியம் மாதிரி படிச்சேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் நாகேந்திர கிருஷ்ணபுராவோட என்.பி.டி.இ.எல். வகுப்புகளை டிரெயின்ல பார்த்தேன். அதுல முதல்ல ஆப்-ஆம்ப் வராது. நெகட்டிவ் ஃபீட்பேக்தான் வரும். வேணும்கிறதுக்கும் இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாரு, அது பூஜ்யம் ஆகிற வரைக்கும் அவுட்புட்டை மாத்திக்கிட்டே இரு. அந்த வேலைக்கு ஒரு இன்டெக்ரேட்டர் வேணும். அங்க இருந்து நடந்து நடந்து போய்தான் ஆப்-ஆம்ப்புக்கு வர்றார். கிண்டி பக்கத்துல இருக்கிற கேம்பஸ், தினமும் டிரெயின்ல அந்த வழியாப் போய்க்கிட்டே அதைப் பார்க்கிறது ஒரு மாதிரி இருந்தது.

டிரெயின்னு சொன்னதும் ஞாபகம் வருது. நெகட்டிவ் ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபையரைக் கண்டுபிடிச்ச ஹெரால்டு பிளாக் பெல் லேப்ஸ்ல வேலை பார்த்தவர். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலையில வேலைக்குப் போகும்போது, ஹட்சன் ஆத்தைக் கடக்கிற படகுல அது அவருக்குத் தோணியிருக்கு. கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர்லயே வரைஞ்சு எழுதி வெச்சார். டெலிபோன் லைன்ல வழியெல்லாம் ஆம்ப்ளிஃபையர் வெக்கணும், ஒவ்வொண்ணும் குரலைக் கொஞ்சம் கெடுக்கும், கடைசில கேட்கவே சகிக்காது. இதுதான் அன்னைக்குப் பிரச்சினை. அவர் சொன்னது, கெயினை ஏகத்துக்கும் அதிகமா வெச்சுக்கோ, அப்புறம் அவுட்புட்ல ஒரு பங்கை எதிரா திருப்பிக் கொடுத்து அந்தக் கெயினைத் தூக்கிப் போடு. கஷ்டப்பட்டு சம்பாதிச்சதைத் தூக்கிப் போடறதான்னு கேட்கத் தோணும். பேட்டன்ட் கிடைக்கவே 9 வருஷம் ஆச்சு.

741-ல போட்டுப் பார்த்தா புரியும். தனியா அதோட கெயின் சுமார் 2 லட்சம். சுமார்தான், ஒரு ஐ.சி.க்கும் அடுத்ததுக்கும் மாறும், சூட்டுக்கும் மாறும். எங்க சர்க்யூட் 5 வோல்ட் கொடுக்கும்போது ரெண்டு இன்புட்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் 25 மைக்ரோவோல்ட்தான். பூஜ்யம் கிடையாது, ஆனா எங்க மீட்டருக்குப் பூஜ்யம். இப்போ கெயின் பாதியாகி 1 லட்சம் ஆனா? வித்தியாசம் 50 மைக்ரோவோல்ட் ஆகும். மைனஸ் பத்துங்கிற மொத்தக் கெயின்ல வர்ற மாற்றம் 0.01 சதவீதத்துக்கும் கம்மி. உள்ள இருக்கிறது பாதியா போச்சு, வெளிய யாருக்கும் தெரியலை. இப்போ பத்துங்கிற எண்ணைக் காப்பாத்தறது ரெண்டு ரெசிஸ்டர் மட்டும்தான். ஐ.சி. வாங்கும்போது விலை பார்த்தாலும் ரெசிஸ்டர் வாங்கும்போது பார்க்காதீங்க, 1 சதவீதம் டாலரன்ஸ் கேட்டு வாங்குங்க.

ஆப்-ஆம்ப்புங்கிற பேர் 1947-ல ரகஸினியும் கூட ரெண்டு பேரும் எழுதின கட்டுரையில வந்தது. ‘ஆபரேஷன்’னா கூட்டல், கழித்தல், இன்டெக்ரேஷன் மாதிரி கணக்கு வேலை, அன்னைக்கு அனலாக் கம்ப்யூட்டருக்காக வெச்ச பேர். 741 வந்தது 1968-ல, ஃபேர்சைல்டு கம்பெனில டேவ் ஃபுல்லகர் வடிவமைச்சது. அதுக்கு முன்னாடி இருந்த 709-க்கு, அது ஆடாம இருக்க வெளிய கெப்பாசிட்டர் கோக்கணும். இவர் அதை உள்ளேயே வெச்சுட்டார், 30 பிகோஃபாரட். நாம எப்படி மோசமா வயர் குத்தினாலும் 741 பொறுத்துக்கறதுக்கு அந்தக் குட்டி கெப்பாசிட்டர் ஒரு முக்கியக் காரணம். வேகம் குறையறதுக்கும் அதுதான் காரணம். தராசுக் கை எவ்வளவு வேகமா நகரும்? மைக்ரோசெகண்டுக்கு அரை வோல்ட். 10 வோல்ட் உயரத்துக்கு ஒரு சைன் அலை வேணும்னா சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும். ரெண்டாம் வருஷ லேப்ல 20 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, சைன் அலை முக்கோண அலையா வந்ததைப் பார்த்து, ‘ஜெனரேட்டர் ரிப்பேர்’னு ரெக்கார்டுல ஒரு சைன் அலையை வரைஞ்சு கையெழுத்து வாங்கினேன். இதை இங்க சொல்லலாமான்னு தெரியலை.

ஃபீட்பேக்குக்குத் தமிழ்ல பின்னூட்டம்னு சொல்றாங்க. யூடியூப் கமென்ட்டுக்குச் சொல்ற வார்த்தைன்னுதான் நினைச்சிருந்தேன். ஊட்டறதுன்னு அதுக்குள்ளேயே இருக்கு பாருங்க. வாழ்நாள் முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு, ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’னா காதுல விழறது கோர்ஸ் முடிவுல நாம புரொஃபஸரைப் பத்தி நிரப்பற ஃபார்ம்தான். ஏதோ கெட்ட விஷயம் மாதிரி. முள்ளு எந்தப் பக்கம் சாஞ்சதோ அதுக்கு எதிரா ஊட்டறதுன்னு யோசிச்சிருந்தா, அந்த மேசையில ரெண்டாவது கேள்விக்கே நிறுத்தி, சார் இப்ப ஊட்டற பக்கம் மாறிடுச்சேன்னு சொல்லியிருப்பேன்.

டிப்ளமோ அந்தப் பேப்பர்ல ஏன் ஃபெயில் ஆனான்னு இப்பதான் கேட்டேன். மூணு வருஷம் கூட இருந்திருக்கேன், கேட்டதில்லை. டெரிவேஷனை இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் எழுத வரலை, படம் மட்டும் போட்டுட்டு வந்துட்டேன்னான். படத்துக்கு மட்டும் எவ்வளவு மார்க் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருது. அவங்க நோட்டீஸ்ல இப்போ அரியர் இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு, ஹிஸ்டரி பத்தி ஒண்ணும் இல்லை. அவனும் பேர் கொடுத்திருக்கான். ராத்திரி சாப்பிட்டப்புறம் நான் இன்டர்வியூ எடுக்கறேன், இங்கிலீஷ்ல. நேத்து அதே கேள்வியைக் கேட்டேன், இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபையர், கெயின் மைனஸ் பத்து. பேனாவை எடுத்து முக்கோணம் போட்டான். இன்புட்டைத் தொடறதுக்கு முன்னாடி மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு இழுத்து 7, 4-ன்னு எழுதினான். அப்புறம் தலையைத் தூக்கி, "சப்ளை எவ்வளவு சார்?" என்றான். அதை மட்டும் இங்கிலீஷ்ல கேளுடான்னேன்.